பயிற்சியாளர் படலம்

மாத்தளைப் பக்கம் சென்ற நாம், யட்டவத்தயில் ஒரு தேநீர்க் கடைக்குள் நுழைந்தோம். மிளகு விலையைப் பற்றிப் பேசுவார்களென எண்ணினோம். நடந்ததோ கிரிக்கெட் மகாநாடு!

"பயிற்சியாளரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும், ஐயா" என்றார் ஓர் இளைஞர்.

"எத்தனை தடவைதான் மாற்றுவது, தம்பி?" என்றார் பெரியவர்.

நியாயமான கேள்வி. ஜெப் மார்ஷ் 2011 செப்டெம்பரில் நியமனமாகி, 2012 ஜனவரியில் விலக்கப்பட்டார். நெல்லுக்கே ஏறக்குறைய அத்தனை மாதத் தவணை கொடுக்கிறோம். மிளகுக் கொடியோ காய்க்க மூன்றாண்டு கேட்கும். பால் பார்பிரேஸ் கதை வேறு. 2014 ஏப்ரலில் இருபது ஓவர் உலகக் கிண்ணத்தை வென்ற அதே மாதத்தில் இங்கிலாந்து அவரை அழைத்துக்கொண்டது! நம்மிடம் நான்காண்டு பணியாற்றிய ட்ரெவர் பெய்லிசும் 2019-இல் உலகக் கிண்ணம் பெற்றுக் கொடுத்தது இங்கிலாந்துக்குத்தான்.

இளைஞர் விடவில்லை. "2024-இல் சனத் ஜயசூரிய இடைக்காலப் பொறுப்பேற்ற அடுத்த மாதமே, 27 ஆண்டுகளுக்குப் பின் இந்தியாவை ஒருநாள் தொடரில் வெல்லவில்லையா?"

பெரியவர் வாயடைத்துப் போனார். நாமும் பெரியவர் கட்சிதான். ஆயினும் பதில் தோன்றவில்லை.

வெளியே சிறுவர்கள் சிலர் பலகைத் துண்டை மட்டையாக்கி ஆடிக்கொண்டிருந்தனர். "உங்களுக்குப் பழக்குபவர் யார்?" என்று வினவினோம்.

"ஒருவருமில்லை, ஐயா" என்றான் பந்து வீசிய பையன்.