ஒரு புலம் மாறினால் செயலியே முடங்கலாமா?

2020 மே 6 அன்று ஐபோன்களில் ஸ்பாட்டிஃபை, டிக்டாக், பின்ட்ரெஸ்ட் போன்ற செயலிகள் திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டன. கோளாறு அவற்றின் சொந்த நிரலில் இல்லை. அவற்றுக்குள் பொதிந்திருந்த ஃபேஸ்புக்கின் மென்பொருள் தொகுப்பு, தன் சர்வரிடமிருந்து அமைப்புத் தகவல்களை வாங்கும். பல புலங்கள் கொண்ட தொகுதியை அது எதிர்பார்த்த இடத்தில், 'ஆம், இல்லை' வகை ஒற்றை மதிப்பு வந்தது என்று ஆராய்ந்த நிரலாளர்கள் கண்டறிந்தார்கள். சில மணி நேரத்தில் நிலைமை சீரானது. ஆனால் ஜூலை 10 அன்று அதே தொகுப்பால் செயலிகள் மீண்டும் முடங்கின. சர்வர் அனுப்புவதைச் சோதிக்காமல் நம்பும் செயலி, முடிக்கப்படாத செயலி என்பதே என் வாதம்.

செயலிக்கும் சர்வருக்கும் இடையே தகவல் பெரும்பாலும் ஜேசான் (JSON) என்ற எழுத்து வடிவில்தான் போய்வருகிறது. அதன் பலம் எளிமை. ஆனால் எந்தப் புலத்தில் எந்த வகை மதிப்பு வரவேண்டும் என்று அது தானாகக் கட்டாயப்படுத்தாது. விலை ஒருநாள் 250 என்ற எண்ணாக வரும், மறுநாள் மேற்கோள் குறிக்குள் எழுத்தாக வரும். பிஎச்பி மொழியில் எழுதிய சர்வரில், தள்ளுபடி விவரம் இருந்தால் {} குறிக்குள் தொகுதியாக வருவது, விவரம் ஏதும் இல்லாதபோது [] என்ற வெற்றுப் பட்டியலாக மாறிவிடும். ஐபோன் செயலிகளை எழுதும் ஸ்விஃப்ட் மொழியின் வழக்கமான முறையில் இப்படி வரும் பொருள் பட்டியலைப் படித்தால், நூறு பொருள்களில் ஒன்று தடம் மாறினாலும் பட்டியல் முழுவதும் நிராகரிக்கப்படும்.

சர்வரைத் திருத்தினால் போதாதா என்று கேட்கலாம். திருத்தத்தான் வேண்டும். ஆனால் சர்வரில் செய்யும் மாற்றம் நொடிகளில் எல்லோரையும் எட்டுகிறது. செயலியின் புதிய பதிப்பு ஒவ்வொரு கைபேசியையும் அடைய வாரங்கள் பிடிக்கும். பழைய பதிப்பிலேயே இருப்பவர்களும் பலர். எதையும் ஏற்றுக்கொண்டால் பிழைகள் மறைந்து வளரும் என்பது இதைவிட வலுவான மறுப்பு. பிறரிடமிருந்து பெறுவதில் தாராளம் காட்டு என்று 1980இல் ஜான் போஸ்டல் இணைய நெறிமுறைகளுக்கு வகுத்த கொள்கையை, 2023இல் வந்த ஆர்எஃப்சி 9413 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இந்தக் காரணத்துக்காகவே விமர்சித்தது.

ஆகவே தாராளத்துக்கு எல்லை வேண்டும். படமோ தள்ளுபடி விவரமோ பிழையாக வந்தால் அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் காட்டலாம். செலுத்த வேண்டிய தொகையோ மருந்தின் அளவோ பிழையாக வந்தால் ஊகிக்கவே கூடாது. அங்கே நிறுத்தி, பயனரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். இரண்டிலும் பிழை நிறுவனத்துக்குத் தெரிந்தாக வேண்டும். சரியான தரவை மட்டும் கொடுத்துப் பார்த்துவிட்டுச் செயலியை வெளியிடும் பழக்கத்தை நிறுவனங்கள் கைவிடட்டும். விடுபட்ட புலம், வகை மாறிய மதிப்பு, வெற்றுப் பட்டியல் மூன்றையும் கொடுத்துச் சோதிப்பது கட்டாயமாகட்டும்.