தவ்கே கிள்ளட்டும் நம் பிள்ளைகள்

கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், தஞ்சோங் காராங் வட்டாரத்துத் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் குடிபோன வீடுகளிலும் வாழும் என் சொந்தங்களுக்கு,

மெல்பர்னிலிருந்து எழுதுகிறேன். நம் வீடுகளில் வளரும் சின்னப் பிள்ளைகளைப் பற்றி அக்கா, அண்ணன், அத்தை, மாமா எல்லாரிடமும் ஒரு விண்ணப்பம் வைக்க வேண்டும்.

முருங்கைக்கீரை உருவும்போது பக்கத்தில் வந்து குந்தும் மூன்று வயதுப் பிள்ளையை, “நீ போய் விளையாடும்மா” என்று அனுப்பிவிடுகிறோம். அழுதால் கையில் போனைக் கொடுக்கிறோம். நாம் பட்ட பாடு பிள்ளைகள் படக்கூடாது என்பதுதான் நம் எண்ணம். அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நானும் லயத்து வீட்டில் பிறந்தவன்.

வெட்டிய பாலின் எடையைப் பார்த்துச் சம்பளம் போட்ட காலம் அது. எடை கூட வேண்டுமானால் பிள்ளைகளின் கையும் வேண்டும். லீவு நாள் என்றால் விடியுமுன்பே அம்மாவோடு நிரைக்குப் போய், மங்கில் உறைந்த கட்டிப்பாலையும் மரத்தில் காய்ந்த கோட்டுப்பாலையும் பிள்ளைகள் எடுத்தார்கள். மலேசியாவில் முதன்முதலாக வணிக அளவில் செம்பனை நட்டது நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917இல். பின்னாளில் மற்ற தோட்டங்களிலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது, உதிரிப் பழம் பொறுக்கவும் அதே பிஞ்சுக் கைகள் போயின. பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளி வந்தது. ஆனாலும் தம்பி தங்கையை இடுப்பில் சுமந்த மூத்த பெண்பிள்ளைகள் பலர் அந்தப் பள்ளியைப் பாதியிலேயே விட்டார்கள்.

அந்த வலியை மறக்கச் சொல்லவில்லை. பிள்ளையின் உழைப்பு குடும்பத்தின் சோற்றுக் கணக்கில் சேர்ந்ததும், படிப்பு பறிபோனதும், சுமை முழுக்கப் பெண்பிள்ளை தலையில் விழுந்ததும் அநியாயம். ஆனால் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து தவ்கே வால் கிள்ளுவது அந்தக் கணக்கில் சேராது. இரண்டையும் ஒன்றாகக் கட்டித் தூக்கிப் போட்டுவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

உதவும் ஆசை பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. ஜெர்மனியில் பணியாற்றிய ஃபெலிக்ஸ் வார்னகன், மைக்கேல் டொமசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் ஒன்றரை வயதுக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். துணி காயப்போடும் ஒருவர் கிளிப்பைத் தவறவிட்டு, எட்டாமல் கை நீட்டினார். குழந்தைகள் பலர் தவழ்ந்தோ நடந்தோ போய் எடுத்துக் கொடுத்தார்கள். யாரும் கேட்கவில்லை, பாராட்டவும் இல்லை. 2008இல் அவர்கள் செய்த இன்னொரு சோதனையில், உதவியதற்குப் பரிசு வாங்கிப் பழகிய குழந்தைகள் பிறகு உதவுவது குறைந்துபோனது. ஆகவே “கூட்டினால் சாக்லேட்” என்று பேரம் பேசாதீர்கள். பிள்ளை வருவது உங்களோடு இருக்க. அந்த இடத்தைக் கொடுத்தால் போதும்.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த இடம், ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரன்சோ. பெற்றோர் வேலைக்குப் போனபின் பார்க்க ஆளில்லாமல் நின்ற பிள்ளைகள்தான் அவரிடம் வந்தார்கள். அன்று நம் தோட்டத்து ஆயாக்கொட்டகைப் பிள்ளைகளின் நிலையும் ஏறக்குறைய அதுதான். கூட்டுவது, மேசை துடைப்பது, தண்ணீர் சிந்தாமல் ஊற்றுவது போன்ற வீட்டு வேலைகளை அவர் பாடமாகவே வைத்தார். 1939இல் இந்தியா வந்து சென்னை அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். இன்று பாலர் பள்ளிகளில் காசு கட்டிப் படிக்க வைக்கும் அந்தப் பாடம், நம் குசினியில் காசில்லாமல் கிடைக்கிறது.

எங்கே தொடங்குவது? இரண்டு வயதில் அழுக்குத் துணியைக் கூடையில் போடலாம், காய்ந்த துணியில் தன் சட்டையைத் தேடி எடுக்கலாம். மூன்றில் தவ்கே கிள்ளலாம், கீரை உருவலாம், தட்டில் அரிசி அளந்து போடலாம். நான்கு ஐந்தில் பூண்டு உரிக்கலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், சாப்பிட்ட தட்டைக் கழுவலாம். கொதிக்கும் எண்ணெய், கேஸ் அடுப்பு, தேங்காய்த் துருவி, கத்தி, குளோராக்ஸ் பக்கம் விடவே கூடாது. தண்ணீர் இருக்கும் இடத்தில் பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

வேலை இரட்டிப்பாகும், உண்மைதான். காலையில் ஷிஃப்டுக்கு ஓடும் தாயால் இது முடியாது. ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் போதும். பிள்ளை உரித்த பூண்டில் தோல் ஒட்டியிருந்தால், அதன் கண் முன்னால் மறுபடி உரிக்காதீர்கள். தன் வேலை வீண் என்று அது புரிந்துகொள்ளும்.

கடைசியாக, இதை ஆண்பிள்ளைகளுக்காகவே அழுத்திச் சொல்கிறேன். அப்பாவும் அம்மாவும் ஒரே நிரையில் பால்மரம் வெட்டிவிட்டு வந்தாலும், வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா அடுப்படிக்கும் அப்பா திண்ணைக்கும் போனதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மகளுக்கு விளக்குமாறும் மகனுக்குப் போனும் கொடுத்தால், பாட்டி காலத்து அநியாயம் அப்படியே தொடரும். இந்தத் தீபாவளிக்கு முறுக்குப் பிழியும்போது பேரனையும் பேத்தியையும் மாவுப் பக்கம் உட்கார வையுங்கள். எண்ணெய்ச் சட்டிப் பக்கம் தாத்தா நிற்கட்டும்.

அன்புடன்,
உங்கள் தோட்டத்துப் பிள்ளை
மெல்பர்ன்