காணும் கலை

நாள்தோறும் நாம் கடந்து செல்லும் வேப்பமரம் எப்பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று ஒருவர் திடீரெனக் கேட்டால், நம்மிற் பலர் விடை கூற இயலாமல் விழிப்போம். தெருவிலே நடக்கும்போது நம் கண்முன் ஆயிரம் பொருள்கள் தோன்றி மறைகின்றன. அவற்றுள் நெஞ்சிலே தங்குவன மிகச் சிலவே. கண் உடையவர் எல்லாரும் காண்பவர் ஆகார் என்பது இதனால் விளங்கும்.

நம் முன்னோர் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தனர். செய்யுளுக்கு உரிய உறுப்புகள் 34 எனத் தொல்காப்பியர் வகுத்தார். அவற்றுள் ‘நோக்கு’ என்பதும் ஒன்று. கேட்போரை விரைந்து ஓடவிடாமல் நிறுத்தி, மீண்டும் நோக்கிப் பயன்கொள்ளச் செய்யும் தன்மையே அது என்பது உரையாசிரியர் கருத்து. கேட்பவரை நோக்கச் செய்ய வேண்டுமாயின், பாடுபவர் முதலில் நோக்கியிருத்தல் வேண்டும் அன்றோ? முல்லை மாலையில் மலரும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயின், அதன் சிறிய அரும்பை அருகிருந்து கண்ட ஒக்கூர் மாசாத்தியாருக்குப் பல் தெரியச் சிரிக்கும் காட்டுப்பூனை நினைவுக்கு வந்தது. குறுந்தொகையில் உள்ள அவ்வுவமை பல நூற்றாண்டுகள் கடந்தும் வாடவில்லை. அது பிறர் ஏட்டிலிருந்து எடுத்ததன்று. முல்லைக் கொடியிலிருந்தே பறித்தது.

மாணவர் கட்டுரைகளை நெடுங்காலம் திருத்தியவன் என்ற முறையில் இங்கே ஒன்று கூற விரும்புகிறேன். சோலையைப் பற்றி எழுதுக என்றால், வண்ண மலர்கள் பூத்துக் குலுங்கும். வண்டுகள் ரீங்காரம் செய்யும். குயில் தவறாமல் கூவும். இலக்கணப் பிழை இராது, உயிரும் இராது. நாற்பது ஏடுகளைத் திருப்பினாலும் ஒரே சோலைதான். இக்குறைக்குச் சொல்வளம் போதாமையே காரணம் என்று கூறுவோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. அம்மாணவர் சொற்களை அறிவர், சோலையைத்தான் காணவில்லை. கண் சோம்பியிருக்கும் இடத்தில் சொல் எவ்வாறு புதியதாகும்? இந்நோய்க்கு அகராதி மருந்தாகாது. ஓவியமும் புகைப்படமும் போன்ற கலைகளை விருப்பத்தோடு பயில்வதே மருந்து.

விருப்பத்தோடு பயில்வது என்றால் என்ன? பிழைப்புக்காகவும் பரிசுக்காகவும் அன்றி, ஒரு கலையின்மேல் கொண்ட அன்பு ஒன்றினாலேயே அதில் ஈடுபடுவதாகும். அவ்வாறு ஈடுபடுவோரை விருப்பக் கலைஞர் என்று அழைக்கலாம். இவ்வழக்கம் நமக்குப் புதியதன்று. சங்கப் புலவர் சிலருடைய பெயர்களைப் பாருங்கள். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானியம் விற்றவர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் பொன்வேலை செய்தவர். மருத்துவன் தாமோதரனார் நோய் தீர்த்தவர். இவர்களுடைய தொழிலை இவர்கள் பெயரே உணர்த்துகிறது. கடையும் உலையும் இவர்களுக்கு உணவு தந்தன. பாட்டையோ இவர்கள் தம் விருப்பத்தால் வளர்த்தனர்.

விருப்பத்தால் காண்பவர், தொழிலால் காண்பவருக்கும் புலப்படாத ஒன்றைக் கண்டுவிடுவது உண்டு. அமெரிக்க நாட்டில் வெர்மான்ட் என்னும் மாநிலத்திலே, ஜெரிக்கோ என்ற சிற்றூரில், 1865ஆம் ஆண்டு வில்சன் பென்ட்லி என்பவர் பிறந்தார். அவருடையது உழவர் குடும்பம். குளிர்காலம் வந்தால் அப்பகுதியில் வெண்பனி பஞ்சு போல் பொழிந்து, வீட்டையும் வழியையும் மூடும். அது அங்கே ஆண்டுதோறும் காணும் காட்சி. பென்ட்லியின் தாய் அவருக்கு நுண்ணோக்கி ஒன்று கொடுத்தார். பதினைந்து வயதுச் சிறுவராகிய அவர் அதன் வழியே ஒரு பனித்துகளை நோக்கினார். ஆறு கதிர்களும், அக்கதிர்களில் கிளைகளும், கிளைகளில் பூவேலையும் அத்துகளிலே விளங்கின. அவ்வடிவத்தைத் தாளில் வரைய முயன்றார். வரைந்து முடிப்பதற்குள் துகள் உருகிவிடும். ஒருமுறை உருகிய வடிவம் மீண்டும் உலகில் தோன்றப்போவதில்லையே என்று அவர் உள்ளம் வருந்தியது.

அவ்வருத்தமே அவரைப் புகைப்படக் கலைக்கு அழைத்துச் சென்றது. நுண்ணோக்கியோடு புகைப்படக் கருவியைப் பொருத்தி முயன்றார். பலமுறை தோல்வியுற்றும் முயற்சியை விடவில்லை. முடிவில், 1885ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், தம் பத்தொன்பதாம் வயதில், ஒரு பனித்துகளைப் படமாக்கினார். விழும் துகளைக் கரிய பலகையில் ஏந்துவார். மெல்லிய குச்சியால் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைப்பார். பறவையின் இறகால் மெல்ல ஒத்துவார். மூச்சுக் காற்றுப் பட்டாலும் துகள் அழிந்துவிடும். இவ்வாறு ஏறத்தாழ 46 ஆண்டுகளில் 5,000க்கு மேற்பட்ட படங்களை அவர் எடுத்தார். அக்காலத்தில் பால் கறப்பதையும் பயிர் செய்வதையும் அவர் கைவிடவில்லை. 2,400க்கு மேற்பட்ட படங்களைக் கொண்ட அவருடைய நூல் 1931ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அவர் மறைந்தார்.

பனித்துகளுக்கு ஆறு கதிர்கள் அமைவது ஏன்? நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோண ஒழுங்கிலே இணைகின்றன. ஒவ்வொரு துகளும் கடந்துவரும் காற்றின் குளிரும் ஈரமும் வேறுபடுவதால், வடிவங்களும் வேறுபடுகின்றன. இவ்விளக்கத்தை அறிவியல் நமக்குத் தருகிறது. ஆயின், அவ்வேறுபாட்டின் அழகை உலகத்தார் கண்டு வியக்கும்படி காட்டியவர், மாட்டுத் தொழுவத்தில் பால் கறந்த ஓர் உழவர் என்பதை மறத்தல் ஆகாது.

இன்னொருவரையும் எண்ணிப் பார்ப்போம். கல்கத்தாவில் 1815ஆம் ஆண்டு பிறந்த ஜூலியா மார்கரெட் காமரன் என்னும் அம்மையார், பின்னர் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அவருக்கு 48 வயதானபோது, 1863ஆம் ஆண்டில், மகளும் மருமகனும் புகைப்படக் கருவி ஒன்றைப் பரிசாக அளித்தனர். அம்மையார் கோழிக்கூண்டு இருந்த கொட்டகையைப் படம் எடுக்கும் கூடமாக்கினார்; கரி அடுக்கும் அறையை இருட்டறையாக்கினார். கோடும் விளிம்பும் கூர்மையாக விழுவதே நல்ல படத்துக்கு இலக்கணம் எனத் தொழில் வல்லோர் பலர் கருதிய காலம் அது. அம்மையாரின் படங்களில் விளிம்புகள் மங்கியிருந்தன. அதனால் பலர் அவரைப் பழித்தனர். அவரோ முகத்துக்கு அருகில் கருவியைக் கொண்டுசென்று, ஒளியையும் நிழலையும் கொண்டே மனிதருடைய அகத்தைக் காட்ட முயன்றார். 1867ஆம் ஆண்டில் வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷலை அவர் எடுத்த படத்தில், நரைத்த தலையும் ஆழ்ந்த கண்களும் இருளிலிருந்து எழுவன போலத் தோன்றும். 1875ஆம் ஆண்டில் அவர் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அங்கேயும் படங்கள் எடுத்தார். 1879ஆம் ஆண்டில் மறைந்த அவருடைய கல்லறை, மலையகத்துப் பொகவந்தலாவையில் இருக்கிறது. பழித்தோர் பெயர்களை இன்று யார் நினைக்கின்றனர்?

‘அக்காலத்தில் புகைப்படக் கருவி அரிய பொருள். இன்று கைப்பேசியிலேயே அது இருக்கிறது. எல்லாரும் படம் எடுக்கின்றனரே. எல்லாருக்கும் நோக்கு வந்துவிட்டதா?’ என்று நீங்கள் வினவலாம். தக்க வினாதான். கருவி எளிதாகியது, நோக்கு எளிதாகவில்லை. கோயில் கோபுரத்தின்முன் நின்று பத்துப் படங்கள் எடுத்து, ஒரு சிற்பத்தையும் காணாமல் திரும்புவோரை நாம் பார்க்கிறோம். கருவி கண்டுகொள்ளும் என்று கண்ணை ஓய்வுகொள்ளச் செய்வது அறியாமை. பென்ட்லி படம் எடுத்தது, காண்பதை நீட்டிப்பதற்காக. காண்பதை முடித்துக்கொள்வதற்காக அன்று.

ஆதலால் மாணவர்களே, எளிய பயிற்சி ஒன்றைக் கூறுகிறேன். உங்கள் வீட்டருகே உள்ள ஒரு மரத்தையோ, ஒரு கிணற்றையோ, ஒரு தேநீர்க் கடையையோ தேர்ந்துகொள்ளுங்கள். ஒரு திங்கள் அதனையே காலையும் மாலையும் நோக்குங்கள். கருவி இருந்தால் நாளைக்கு ஒரு படம் மட்டும் எடுங்கள். இல்லையேல் பென்சிலால் வரையுங்கள். கோடு கோணலாக வந்தாலும் கவலை வேண்டா. வரையத் தொடங்கியபின்தான், கிளை எங்கே பிரிகிறது, நிழல் எப்போது சுவரில் ஏறுகிறது என்பன புலப்படும். பின்பு உங்கள் படத்தைத் தோழருடைய படத்தோடு ஒப்பிடுங்கள். ஒரே புளியமரத்தை ஒருவர் வேரிலிருந்து நோக்கியிருப்பார். மற்றொருவர் அதன் நிழலில் உறங்கும் வண்டிக்காரரை நோக்கியிருப்பார். ‘இவர் ஏன் இங்கே நின்று பார்த்தார்?’ என்று கேளுங்கள். அவ்வினா உங்களுக்கு இரண்டாவது கண்ணைத் தரும். அதன்பின் எழுதுங்கள். நாற்பது ஏடுகளில் நாற்பது மரங்கள் தோன்றும்.

‘படம் வரைவது சோறு போடுமா?’ என்று பெற்றோர் சிலர் கேட்பர். தேர்வு நெருங்கினால், ஓவியப் பாடவேளையை மற்றப் பாடங்களுக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கமும் பள்ளிகளில் உண்டு. பெற்றோரின் அச்சம் இயல்பானதே. ஆயின், கலையைத் தொழிலாகக் கொள்ளுமாறு யாரையும் நான் வற்புறுத்தவில்லை. உழவர் உழவராகவே இருக்கட்டும். மருத்துவர் மருத்துவராகவே இருக்கட்டும். நோயாளியின் முகத்தைக் கூர்ந்து காணாத மருத்துவரும், இலையின் நிறமாற்றத்தை உணராத உழவரும் தம் தொழிலில் சிறப்பது எங்ஙனம்? காணப் பழகிய கண் எத்தொழிலுக்கும் துணை செய்யும். ஓவிய வேளையைப் பறிப்பவர், தாம் அறியாமலே கணக்குக்கும் அறிவியலுக்கும் வேண்டிய கண்ணையும் பறிக்கின்றனர். அவ்வேளையைப் பள்ளிகள் காத்தல் வேண்டும்.

புதுமை தொலைவில் இருப்பது என்று எண்ணி ஏங்குதல் வேண்டா. வெண்பனி எல்லார் வீட்டு முற்றத்திலும் விழுந்தது. ஓர் இளைஞரே குனிந்து நோக்கினார். நம் முற்றத்தில் பனி பொழிவதில்லை. ஆயின் புல் நுனியில் நீர்த்துளி உண்டு. மழை நின்றபின் மண்ணில் எறும்பு எழுப்பும் புற்று உண்டு. தாய் வாசலில் இடும் கோலம் உண்டு. குனிந்து நோக்கும் அன்பு இருந்தால், அவற்றில் ஒவ்வொன்றும் நமக்கு ஒரு புதிய பாட்டைத் தரும்.