நூறு சதவீதமும் கடைசி பெஞ்சும்

மே மாதம் தேர்வு முடிவு வந்த மறுநாள் புதுச்சேரியில் பல தெருமுனைகளில் பேனர் முளைத்துவிடும். வரிசையாகப் பிள்ளைகளின் படங்கள், நடுவில் தாளாளர் படம், மேலே கொட்டை எழுத்தில் "100 சதவீதத் தேர்ச்சி". பெற்றோர் நின்று பார்க்கிறார்கள், கைபேசியில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகள் உழைத்திருக்கிறார்கள், அவர்களைப் பாராட்ட வேண்டியதுதான். ஆனால் முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் கணக்கும் கோப்பும் பார்த்தவனுக்கு அந்தப் பேனரில் ஒரு தொகை விட்டுப்போனதாகவே தோன்றும். எத்தனை பேரில் நூறு? அந்தப் பிள்ளைகளோடு ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்கள் எத்தனை பேர்?

கடற்கரைச் சாலையில் காலையில் என்னோடு நடக்கிற நண்பர்களுக்குள் இது பற்றி அடிக்கடி வாக்குவாதம் வரும். அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சி.பி.எஸ்.இ.க்கு மாறிய பிறகு பேச்சு இன்னும் சூடாகிவிட்டது. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர் சொல்வார்: "எங்களுக்கு டெபாசிட் இவ்வளவு, கடன் வசூல் இவ்வளவு என்று டார்கெட் கொடுத்தார்கள். வாத்தியாருக்கும் கொடுக்கட்டும். கை நிறையச் சம்பளம் வாங்குகிறார்கள் அல்லவா?" ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவருக்குக் கோபம் வந்துவிடும். "பிள்ளை என்ன டெபாசிட்டா? படிப்பைத் தராசில் நிறுத்த முடியுமா?"

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. அளக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் எதை அளப்பது, யார் அளப்பது, அளந்து வந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற மூன்று கேள்விக்கும் பதில் சொல்லாமல் டார்கெட் வைத்தால், அதற்குப் பலியாவது கடைசி பெஞ்சுப் பிள்ளைதான்.

முதலில் நம் அலுவலகக் கதை ஒன்று. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியல் கொடுக்க வேண்டும். நிலுவை குறைந்த செக்‌ஷனுக்கு நல்ல பெயர். பக்கத்து செக்‌ஷனில் இருபத்தெட்டாம் தேதி வந்தால் போதும், கோப்புகள் பறக்கும். "எந்த விதியின்படி?", "அசல் சான்றிதழ் இணைக்கப்படவில்லை", "மேற்படி விவரம் தேவை" என்று ஆளுக்கொரு குறிப்பு எழுதி வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பட்டியலில் நிலுவை இல்லை. விதவை பென்ஷனுக்கு அலைகிற அம்மா மட்டும் அடுத்த மாதமும் அதே வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். எண் நன்றாக இருந்தது, வேலை நடக்கவில்லை.

பள்ளிக்கூடத்திலும் இதே கதை நடந்திருக்கிறது, அதுவும் இன்று நேற்று அல்ல. இங்கிலாந்தில் 1862இல் ராபர்ட் லோ என்பவர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஆய்வாளர் பள்ளிக்கு வருவார், ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். ஒன்றில் பிள்ளை தோற்றால் பள்ளிக்கு வரவேண்டிய மானியத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறையும். அரசாங்கப் பணம் வீணாகக் கூடாது என்பது நல்ல எண்ணம்தான். நடந்தது என்ன? மானியம் இல்லாத பாடங்கள் பின்னுக்குப் போயின. வாசிப்புப் புத்தகத்தை ஆரம்பம் முதல் கடைசி வரை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே பிள்ளைகள் தடையில்லாமல் "வாசித்த" கதையெல்லாம் அந்தக் காலத்தில் உண்டு. கவிஞர் மாத்யூ ஆர்னால்டு அப்போது பள்ளி ஆய்வாளராக வேலை பார்த்தார். அவர் இந்த முறையை விடாமல் எதிர்த்தார். முப்பது ஆண்டுக்கு மேல் இழுத்து, 1890களில்தான் அது ஒழிந்தது. அதே பாணி மானியத்தை நம் சென்னை மாகாணத்துப் பள்ளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள்.

அமெரிக்காவும் தப்பவில்லை. 2014க்குள் நாட்டில் எல்லாப் பிள்ளைகளும் வாசிப்பிலும் கணக்கிலும் தேறிவிட வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டார்கள். இலக்கை எட்டாத பள்ளிகளுக்குத் தண்டனை உண்டு. அட்லாண்டா நகரத்தில் என்ன ஆயிற்று என்றால், ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களுமே பிள்ளைகளின் விடைத்தாளில் தப்பான விடையை அழித்துச் சரியானதைப் போட்டுவிட்டார்கள். 2011இல் வந்த விசாரணை அறிக்கை 44 பள்ளிகளையும் 178 பேரையும் குறிப்பிட்டது. 2015இல் பதினோரு பேருக்கு நீதிமன்றம் குற்றத் தீர்ப்புச் சொன்னது. இவர்கள் பிறவியிலேயே மோசக்காரர்கள் என்று நான் நம்பவில்லை. எண்ணோடு பிழைப்பைக் கட்டிவிட்டால் மனிதன் எண்ணைத்தான் காப்பாற்றுவான்.

நம் ஊரில் அப்படி அழித்து எழுதுவது இல்லை. இங்கே வழி வேறு. பள்ளிக்கூடத்தில் படித்த பின்னக் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. சதவீதத்தைக் கூட்ட இரண்டு வழி உண்டு. தொகுதியைக் கூட்டலாம், அதாவது தேறாத பிள்ளையைத் தேற வைக்கலாம். அது கஷ்டம். பகுதியைக் குறைக்கலாம், அதாவது தேறாத பிள்ளையை வெளியே அனுப்பிவிடலாம். அது சுலபம்.

ஓய்வு பெற்ற எழுத்தனிடம் தெருவில் உள்ளவர்கள் மனு எழுதித் தரச் சொல்லி வருவது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிற அம்மா வந்தார். "ஐயா, பையனுக்கு டி.சி. வாங்கிக்கோங்கன்னு சொல்றாங்க. கணக்குல வரலையாம். பத்தாவது போனா ரிசல்ட் கெட்டுடுமாம். நீங்க ஒரு மனு எழுதிக் கொடுங்க" என்றார். எட்டாம் வகுப்பு வரைதான் கட்டாயக் கல்விச் சட்டம் பிள்ளையை வெளியே அனுப்பவிடாமல் காப்பாற்றும். பையன் ஒன்பதாவது. எனக்குத் தெரிந்த வரை பணிவாகவும் கறாராகவும் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து விசாரித்தேன். மனுவைக் கொடுக்கவே இல்லை. "பெரிய இடத்தைப் பகைச்சிக்கிட்டு நாங்க எங்கயா போறது?" என்றார். டி.சி. வாங்கிக்கொண்டார்கள். பையன் இப்போது தண்ணீர் கேன் போடுகிறான், நல்ல பிள்ளை, மாடிக்கும் தூக்கி வந்து வைக்கிறான். கேனுக்கு எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பதைப் பட்டென்று மனத்திலேயே கணக்குப் போட்டுச் சொல்கிறான். அடுத்த ஆண்டு அந்தப் பள்ளிக்கு நூறு சதவீதம் வந்தது.

இதைச் சொல்வதால் அளவே வேண்டாம் என்று ஆகிவிடாது. எழுதி வைக்காத கோப்பு மறந்துபோன கோப்பு. வகுப்பிலும் அப்படித்தான். கை தூக்குகிற ஐந்து பிள்ளைகளை எந்த ஆசிரியருக்கும் நினைவிருக்கும். வாய் திறக்காத பிள்ளையை, எழுதி வைத்தால்தான் நினைவிருக்கும்.

எனக்கு ஆரம்பப் படிப்பு பிரெஞ்சில். எங்கள் தலைமுறையினருக்குத் தெரியும், அந்தக் காலத்தில் 'சர்த்திஃபிக்கா' பரீட்சை என்றால் வீட்டில் காய்ச்சல் வந்தது போல இருக்கும். அதிலே 'திக்தே' என்கிற சொல்வதெழுதலில் ஐந்து பிழை வந்தால் மதிப்பெண் பூஜ்யம். பூஜ்யம் வாங்கினவனுக்கு மற்றப் பாடம் எப்படி இருந்தாலும் சான்றிதழ் கிடையாது. பிரான்ஸிலேயே தேறக்கூடிய பிள்ளைகளை மட்டும் பார்த்துப் பரீட்சைக்கு அனுப்புகிற பழக்கம் இருந்தது. பகுதியைக் குறைக்கும் வித்தை அங்கேயும் உண்டு. அந்தச் சான்றிதழை 1989இல் எடுத்துவிட்டார்கள்.

ஆனால் எங்களுக்கு வாய்த்த முசியே ஒருவர் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு பையன் பெயருக்கும் ஒரு பக்கம். வாரா வாரம் திக்தேயில் எத்தனை பிழை என்று அதில் குறிப்பார். என் பக்கத்தில் பதினான்கு, பதினொன்று, பன்னிரண்டு, ஒன்பது என்று இறங்கிக்கொண்டு வந்தது. பரீட்சைக் கணக்கில் பதினான்கும் பூஜ்யம், ஒன்பதும் பூஜ்யம். அவர் கணக்கில் பதினான்கு ஒன்பதாக ஆனது பெரிய விஷயம். "பியென்" என்று ஒரே ஒரு சொல் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனோடு ஒப்பிட மாட்டார், போன வாரத்து என்னோடுதான் ஒப்பிடுவார். எந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்து, அடுத்த வாரப் பாடத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்வார். அளவு என்றால் எனக்கு அந்த நோட்டுதான்.

இன்றைக்கு அதை எப்படிச் செய்யலாம்? மூன்றாம் வகுப்பில் முப்பது பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு ஒரு சிறு பத்தியை வாசிக்கச் சொல்லலாம். ஆளுக்கு மூன்று நிமிடம், மொத்தம் தொண்ணூறு நிமிடம், மூன்று நாளில் முடிந்துவிடும். இவன் எழுத்து வரை, இவள் சொல் வரை, இவன் வாக்கியம், இவள் கதையே படிக்கிறாள் என்று பெயர் பெயராகக் குறிக்கலாம். 'பிரதம்' என்கிற தொண்டு நிறுவனம் 2005இல் இருந்து கிராமங்களில் வீடு வீடாகப் போய் எடுக்கிற கணக்கும் இந்த மாதிரிதான். பிறகு இலக்கு: "எழுத்து நிலையில் இருக்கிற இந்த ஆறு பேரும் தீபாவளிக்குள் சொல் படிக்க வேண்டும்." இதில் சதவீதம் இல்லை, ஆறு பெயர் இருக்கிறது. மாதம் ஒரு முறை அதே மாதிரி வாசிக்கச் சொல்லிப் பார்த்தால் போதும்.

பிள்ளைக்கு மட்டும் இலக்கு வைத்தால் போதாது, ஆசிரியர் தன் கையில் இருக்கிற விஷயத்துக்கும் ஓர் இலக்கு வைத்துக்கொள்ளலாம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அம்மையார் வகுப்பறைப் பேச்சுகளைப் பதிவு செய்து கேட்டுப் பார்த்தார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் சுமார் ஒரு வினாடிதான். அதை மூன்று வினாடி ஆக்கியபோது பதில்கள் நீண்டன, சும்மா இருந்த பிள்ளைகளும் பேசினார்கள். இதற்குப் பணம் வேண்டாம், ஸ்மார்ட் போர்டு வேண்டாம். கேள்வி கேட்டதும் மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால் போதும். "இன்றைக்கு எத்தனை பிள்ளைகள் வாய் திறந்தார்கள்?" என்று சாயங்காலம் குறித்து வைத்தால் அதுவும் ஓர் அளவுதான்.

அரசாங்கமும் இலக்கு வைத்திருக்கிறது. 2021இல் தொடங்கிய 'நிபுண் பாரத்' திட்டப்படி 2026-27க்குள் மூன்றாம் வகுப்பு முடிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் வர வேண்டும். நிமிடத்துக்கு 60 சொல், பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்று அளவும் சொன்னார்கள். நல்ல இலக்குதான். ஆனால் "போய்க்கொண்டிருந்தார்கள்" என்பது தமிழில் ஒரே சொல். அதையே பிரெஞ்சில் சொல்ல இரண்டு சொல்லாவது ஆகும். எல்லா மொழிக்கும் ஒரே கோலை வைத்து அளந்தால் தமிழ்ப் பிள்ளை மந்தமாகத் தெரியும். 2022இல் என்.சி.இ.ஆர்.டி. இருபது மொழிகளில் பிள்ளைகளை வாசிக்க வைத்துப் பார்த்ததே மொழிக்கு மொழி தனி அளவு வகுக்கத்தான். அந்த விவேகம் பள்ளி வரைக்கும், பார்வையிட வருகிற அதிகாரி வரைக்கும் இறங்கி வர வேண்டும்.

கடைசிக் கேள்வி, அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தலைமையாசிரியர் அந்த நோட்டைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு "ஏன் குறைவு?" என்று மெமோ கொடுப்பதற்குப் பதில் "இந்த ஆறு பேருக்கு உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?" என்று கேட்க வேண்டும். இடமாற்றம், ரேங்க், பரிசு இவற்றோடு அதைக் கட்டினால் மறு மாதமே ஆறு பேரும் நோட்டில் மட்டும் தேறிவிடுவார்கள். ஆசிரியர் வேலையே செய்யாவிட்டால்? அதற்கு வருகைப் பதிவேடு இருக்கிறது, ஒழுங்கு நடவடிக்கை விதிகள் இருக்கின்றன. அதை எடுத்துப் பயன்படுத்துங்கள். சோம்பேறி ஒருவரைப் பிடிக்கிற வலையில் உழைக்கிற ஒன்பது பேரைச் சிக்க வைக்காதீர்கள். தேர்ச்சி சதவீதம்தான் வேண்டும் என்றால், ஒன்பதாம் வகுப்பு ஜூன் மாதப் பதிவேட்டில் இருந்த எண்ணிக்கையைக் கீழே போட்டுக் கணக்கிடட்டும். டி.சி. கொடுக்கப்பட்ட பிள்ளைகளும் அதில் இருக்கட்டும். பேனர் கொஞ்சம் இளைக்கும், வகுப்பறையில் நாலு பிள்ளைகள் மிஞ்சுவார்கள்.

நம் வயதுக்காரர்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். பேரப்பிள்ளையின் பெற்றோர் கூட்டத்துக்குப் பல வீடுகளில் நாம்தான் போகிறோம். "எத்தனையாவது ரேங்க்?" என்று கேட்பதை நிறுத்துவோம். "ஜூன் மாதம் எங்கே இருந்தான், இப்போது எங்கே இருக்கிறான், அடுத்து எது?" என்று ஆசிரியரிடம் கேட்போம். முதல் தடவை அவர் கொஞ்சம் திகைப்பார். அடுத்த கூட்டத்துக்கு நோட்டோடு வருவார்.