எட்டு பைட் வம்பு

எண்ணி எண்ணிச் செய்தி அனுப்புவது கொல்கத்தாவுக்குப் புதிதல்ல. இந்தியாவின் முதல் தந்திக் கம்பி 1850-51ல் இங்கிருந்து டைமண்ட் ஹார்பருக்குத்தான் ஓடியது. 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் தந்தபோதும் முதல் வரிசை நகரங்களில் கொல்கத்தா இருந்தது. தந்தியில் சொல்லுக்குக் கணக்கு. இன்டர்நெட்டில் பைட்டுக்குக் கணக்கு. இந்தக் கணக்கு பிசகினால் வரும் கோளாறு விசித்திரமானது.

வேகத்தைச் சோதித்தால் குறையிருக்காது. செய்தித் தளம் திறக்கும். ஆனால் வங்கிப் பக்கமோ தேர்வு விண்ணப்பமோ பாதியில் நின்றுவிடும். கேபிள்காரர் வருவார், மோடத்தை அணைத்துப் போடுவார், 'லைன் டீக் ஆச்சே' என்று வங்காளியில் சொல்லிவிட்டுப் போவார். அவர் சொல்வது பொய்யல்ல. லைன் சரியாகத்தான் இருக்கிறது. பொட்டலம்தான் பெரிது.

இன்டர்நெட்டில் எதுவும் முழுதாக வருவதில்லை, பாக்கெட்டுகளாக வருகிறது. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். இந்த உச்சவரம்புக்குப் பெயர் எம்.டி.யு. பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் பி.பி.பி.ஓ.இ. இணைப்புகளில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் எட்டு பைட்டில் இன்னொரு உறை போடுகிறார்கள். மிஞ்சுவது 1492.

தொலைவிலுள்ள சர்வர் இது தெரியாமல், 'உடைக்காதே' என்ற குறிப்போடு 1500 பைட் அனுப்பினால் வழியிலுள்ள ரவுட்டர் அதைத் தூக்கி எறியும். 'பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு' என்று ஒரு தகவலும் திருப்பி அனுப்பும். சர்வர் அதைப் படித்து அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது 1990-ல் வகுத்த ஏற்பாடு. ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் சில நிறுவனங்கள் இந்த வகைத் தகவலையே வாசலில் தடுத்துவிடுகின்றன. அனுப்பியவருக்குக் காரணம் தெரியாது. உங்களுக்குப் பக்கம் வராது. சிறிய பாக்கெட்டுகள் தடையின்றிப் போவதால் யாருக்கும் சந்தேகமும் வராது.

சோதிப்பது எளிது. பிங் கட்டளையில் 'உடைக்காதே' என்ற நிபந்தனை போட்டு 1472 பைட் அனுப்புங்கள். தலைப்புக்கான 28 சேர்ந்தால் 1500. பதில் வந்தால் எதையும் தொடாதீர்கள். வராமல், 1464-க்கு மட்டும் வந்தால் உங்கள் அளவு 1492. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் எம்.டி.யு. என்ற இடத்தில் அந்த எண்ணைப் போடுங்கள். அதைக் குறைத்தால் வேகம் பறக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேவைக்கு மேல் குறைத்தால் உறைகளின் எண்ணிக்கைதான் கூடும்.

மனுவைத் திருப்பி அனுப்புவதில் தப்பில்லை. ஏன் என்று சொல்லாமல் விடுவதில்தான் வம்பு. நம் அரசு அலுவலகங்களுக்கு அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுத்த முறை பக்கம் பாதியில் நின்றால் கேபிள்காரரிடம் சண்டை போடாதீர்கள். எம்.டி.யு. எவ்வளவு வைத்திருக்கிறார் என்று கேளுங்கள்.