ஆயில் குடிக்காத கார் ஜாக்கிரதை!

சாதாரண கார் ஆயில் குடித்தால் நோய். மாஸ்டா ஆர்.எக்ஸ்-8 குடிக்காவிட்டால்தான் நோய்!

2003 முதல் 2012 வரை ஜப்பானில் தயாரான இந்த ஸ்போர்ட்ஸ் காரில் பிஸ்டனே கிடையாது, சார். முக்கோண ரோட்டர் இரண்டு கிறுகிறுவென்று சுற்றும். அவற்றின் முனைகளில் உள்ள சீல்கள் தேயாமலிருக்க, ஒரு பம்ப் துளித்துளியாக இன்ஜின் ஆயிலை உள்ளே அனுப்பும். அது பெட்ரோலோடு எரிந்து போகும். கம்பெனியே பட்ஜெட்டில் சேர்த்த செலவு!

எங்களை மாதிரி பி.காம். ஆசாமிகளுக்கு ஏற்ற கார். கணக்கு எழுதலாமே! இன்றும் இதை வைத்திருப்பவர், இரண்டு தடவை பெட்ரோல் போட்டால் ஒரு தடவை ஆயில் பார்க்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, சூடான இன்ஜினை அணைத்து, ஐந்து நிமிஷம் பொறுத்து, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுக்க வேண்டும். ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய ஆயில் - இரண்டையும் நோட்டில் குறிக்க வேண்டும்.

செலவு திடீரென்று எகிறினால் எங்காவது கசிவு இருக்கலாம். செலவே இல்லையா? 'ஆஹா, லாபம்!' என்று துள்ளக் கூடாது. பம்ப் படுத்திருக்கலாம். சீல் போச்சுன்னா இன்ஜினையே பிரிக்கணும். ஆயில்ல மிச்சம் பிடிச்சு இன்ஜினைத் தொலைச்ச கதையாயிடும்!