டோக்கன் தொலைத்த இரவு

இரவு மணி பத்தே முக்கால். காப்பீட்டுப் பிரீமியம் கட்டக் கடைசி நாள். பயனர் பெயர், கடவுச்சொல், கோணல்மாணலாக வரும் அந்த எழுத்துகள், எல்லாம் சரியாகவே கொடுத்தேன். பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டு, மறுபடியும் பயனர் பெயர் கேட்டது. ஐந்தாவது தடவையும் அதே கதைதான். கோயம்புத்தூரில் மென்பொருள் வேலை பார்க்கும் அக்கா மகனுக்குப் போன் போட்டேன்.

"குக்கீஸ், கேஷ் ரெண்டையும் கிளியர் பண்ணுங்க மாமா. கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் மூணையும் சேர்த்து அமுக்குனா ஒரு பெட்டி வரும்" என்றான், கொட்டாவிக்கு நடுவே.

அவன் சொன்னது இரண்டு. நான் அந்தப் பெட்டியில் இருந்த அத்தனை கட்டத்திலும் டிக் போட்டேன். காலம் எது என்று கேட்டதற்கு 'எல்லாக் காலமும்' என்றேன். பிரீமியம் கட்டியாயிற்று. நிம்மதியாகத் தூங்கினேன்.

விடிந்ததும் மின்னஞ்சல் என்னை யாரென்று கேட்டது. வங்கியும் கேட்டது. சேமித்து வைத்திருந்த கடவுச்சொல் ஒன்றுகூட இல்லை. கணினியும் கைப்பேசியும் ஒரே கணக்கில் இணைந்திருந்ததால் அங்கேயும் போய்விட்டது. "கேஸ் புக் பண்ற பாஸ்வேர்டு என்னாச்சுங்க?" என்று மனைவி கேட்டபோது பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் வேறென்ன செய்வான்?

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனபோதுதான் விஷயம் பிடிபட்டது. செருப்பு விடும் இடத்தில் எண் போட்ட வில்லை ஒன்று தருவார்களே, குக்கீ என்பது அதுதான். வலைத்தளத்துக்கு இயல்பாக ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு தடவை பக்கம் கேட்கும்போதும் நாம் அதற்குப் புது ஆள். அதனால் முதல் தடவையே ஒரு டோக்கனை நம் பிரவுசரிடம் கொடுத்துவிடுகிறது. அடுத்த தடவை பிரவுசர் அதை நீட்டினால், "ஓ, நீங்களா" என்று உள்ளே விடுகிறது. காலாவதியான பழைய டோக்கனையும் புதியதையும் சேர்த்து நீட்டினால் குழம்பிப்போய் வாசலுக்கே திருப்பி அனுப்புகிறது. அன்றிரவு எனக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டை 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மொன்டூலி என்ற இளைஞர் கொண்டுவந்தார். இணையக் கடையில் பொருள்களைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போனால் கூடை காலியாகிவிடக் கூடாது. அதற்கு வழி தேடியபோது வந்த யோசனை. யூனிக்ஸ் ஆட்கள் 'மேஜிக் குக்கீ' என்று ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெயர் அங்கிருந்து வந்தது.

கேஷ் வேறு ரகம். அது வீட்டு ஃபிரிட்ஜ். ஒவ்வொரு தடவையும் கடைக்கு ஓடாமல் இருக்க, தளத்தின் படங்களையும் நிரல்களையும் பிரவுசர் எடுத்து வைத்துக்கொள்கிறது. பக்கம் சட்டென்று திறப்பது அதனால்தான். தளத்தை மாற்றியமைத்த பிறகும் உங்கள் ஃபிரிட்ஜில் போன மாதத்து நிரல் கிடந்தால், புதுப் பூட்டுக்குப் பழைய சாவி போட்ட கதை. பொத்தானை அமுக்கினால் ஒன்றும் நடக்காது. கணினி அறிவியலில் கடினமான சமாச்சாரம் இரண்டே இரண்டு, கேஷை எப்போது தூக்கிப்போடுவது என்பதும் பெயர் வைப்பதும் என்று ஃபில் கார்ல்டன் சொன்னதாகச் சொல்வார்கள். அவரும் நெட்ஸ்கேப்காரர்தான். டோக்கனுக்குத் தின்பண்டத்தின் பெயரை வைத்த இடத்திலிருந்து வந்தவர் சொன்னால் நம்பத்தான் வேண்டும்.

பட்டுத் தெரிந்துகொண்ட வரிசை இது. பக்கம் மக்கர் செய்தால் முதலில் கன்ட்ரோலோடு எஃப்5. பிரவுசர் ஃபிரிட்ஜைத் திறக்காமல் கடைக்கே போய் வரும். சரியாகவில்லையா? இன்காக்னிட்டோ ஜன்னலில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே பழைய டோக்கனும் இல்லை, பழைய சரக்கும் இல்லை. அதில் வேலை செய்தால் கோளாறு நம் வீட்டில். அப்போதும் முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் சின்னத்தைத் தொட்டு, அந்த ஒரு தளத்தின் குக்கீயையும் தகவலையும் மட்டும் அழித்தால் போதும். மற்ற டோக்கன்கள் பையில் பத்திரமாக இருக்கும்.

போன மாதம் அதே தளம் மறுபடியும் சுற்ற ஆரம்பித்தது. இன்காக்னிட்டோவில் திறந்தேன். அங்கேயும் சுற்றியது. அப்படியானால் கோளாறு அவர்கள் பக்கம். மடிக்கணினியை மூடிவிட்டுக் காபி போட்டேன். குடித்து முடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தால், பக்கம் தானாகவே திறந்தது.

அக்கா மகனை எழுப்ப வேண்டியிருக்கவில்லை.